நெருக்கடி நேரத்தில் பிராண்டின் பக்கம்: யார், எதை, யாரைக் கேட்காமல் செய்யலாம்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தின் சமூக ஊடகக் குழுவில் வேலை பார்த்தேன். ஒரு சனிக்கிழமை மாலை அதன் கிடங்கில் தீப்பிடித்தது. ஊழியர்கள் இருவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நாங்கள் நான்கு பேர் அறிக்கையின் மூன்றாவது வரைவை வைத்துக்கொண்டு, ‘வருந்துகிறோம்’ என்ற சொல் இருக்கலாமா கூடாதா என்று வாதிட்டுக்கொண்டிருந்தோம். சரியாக ஏழு மணிக்கு எங்கள் பக்கத்தில் ஒரு பதிவு வந்து விழுந்தது: ‘இந்த வார இறுதியைச் சூடாகத் தொடங்குவோமா?’

புதன்கிழமையே நேரம் குறித்து வைத்திருந்த பதிவு அது. நீக்கும் உரிமை எங்களில் இருவருக்கு இருந்தது. ஆனால் மேலாளரைக் கேட்காமல் எதையும் நீக்கக் கூடாது என்பது விதி. மேலாளர் நிர்வாகக் கூட்டத்தில் போனை அணைத்து வைத்திருந்தார். 40 நிமிடம் அந்தப் பதிவு அப்படியே இருந்தது. அதற்குள் கிடங்கின் புகைப்படத்தையும் எங்கள் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரோ ஒரு படம் செய்துவிட்டார்கள். தீ அணைந்து வெகுநாள் கழித்தும் அந்தப் படம் சுற்றிக்கொண்டிருந்தது.

நெருக்கடித் திட்டம் என்றதும் பலரும் நினைப்பது மாதிரி அறிக்கைகள் அடங்கிய கோப்பைத்தான். அதுவும் வேண்டும். ஆனால் அன்று எங்களைக் கவிழ்த்தது சொற்களின் பஞ்சமில்லை, அனுமதியின் பஞ்சம். ஆகவே இந்த வழிகாட்டியின் படிகளில் பாதி, நெருக்கடி வருவதற்கு முன் அமைதியான ஒரு நாளில் உட்கார்ந்து செய்ய வேண்டியவை.

படி 1: எது நெருக்கடி, எது வெறும் சலசலப்பு?

பத்துப் பேர் கோபமாகத் திட்டுவது நெருக்கடி ஆகாது. உங்கள் பக்கத்துக்குச் சாதாரண நாளில் எத்தனை கருத்துகள் வருகின்றன, எத்தனை பேர் பெயரைச் சொல்லிக் குறிப்பிடுகிறார்கள், அதில் எவ்வளவு புகார் என்று ஒரு மாதத்துக்கு எண்ணி வையுங்கள். இந்த வழக்கமான அளவு தெரியாத குழு, எல்லாவற்றுக்கும் பதறும் அல்லது எதற்குமே பதறாது.

எண்ணிக்கையைவிட முக்கியமான கேள்விகள் மூன்று. யாருக்காவது உடலுக்கோ உயிருக்கோ ஆபத்தா? பணமோ தனிப்பட்ட தகவலோ பறிபோயிருக்கிறதா? உங்களைப் பின்தொடராதவர்கள் உங்களைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்களா? முதல் இரண்டில் எதற்காவது ‘ஆம்’ என்றால், ஒரே ஒரு பதிவு வந்திருந்தாலும் அது நெருக்கடிதான்.

அடுத்து, பழி எங்கே விழும் என்று பாருங்கள். நெருக்கடித் தொடர்பை ஆராய்ந்த டிமதி கூம்ஸ் இதை மூன்றாகப் பிரிக்கிறார். நிறுவனமே பாதிக்கப்பட்டது (இயற்கைப் பேரிடர், வதந்தி), தற்செயலாக நடந்தது (இயந்திரக் கோளாறு), தவிர்த்திருக்கக்கூடியது (தெரிந்தே விதியை மீறியது, அலட்சியம்). முதல் வகையில் தகவலும் ஆறுதலும் போதும். மூன்றாவதில் பொறுப்பை ஏற்காமல் நீங்கள் எழுதும் எந்த வரியும் எரிகிற தீயில் எண்ணெய்தான். நடைமுறையில் நிறுவனங்கள் செய்யும் தவறு எப்போதும் ஒரே திசையில் இருக்கிறது: மூன்றாம் வகையில் நின்றுகொண்டு முதல் வகையின் மொழியைப் பேசுவார்கள்.

படி 2: அதிகாரத்தை எழுத்தில் பங்கிடுங்கள்

ஒரே ஒரு தாள் போதும். அதில் நான்கு பொறுப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், அவர் கிடைக்காவிட்டால் அடுத்த பெயர். நிலைமையைக் கண்காணிப்பவர், எழுதுபவர், ஒப்புதல் தருபவர், கருத்துகளுக்குப் பதில் சொல்பவர். சிறிய நிறுவனத்தில் ஒருவரே இரண்டு வேலை பார்க்கலாம். ஆனால் எழுதுபவரும் ஒப்புதல் தருபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. பதற்றத்தில் நம் எழுத்துப் பிழை நம் கண்ணுக்குத் தெரியாது, நம் ஆணவம் அதைவிடத் தெரியாது.

அந்தத் தாளின் உயிர் இந்த வரிகளில் இருக்கிறது: பணியில் இருக்கும் எந்த உறுப்பினரும், யாரையும் கேட்காமல், எல்லாப் பதிவுகளையும் விளம்பரங்களையும் நிறுத்தலாம். தவறாக நிறுத்தியதற்காக யாரும் கண்டிக்கப்பட மாட்டார்கள். முன்பே ஒப்புதல் பெற்ற முதற்கட்ட அறிவிப்பை, விவரங்களை நிரப்பி, பணியில் உள்ள மூத்தவர் 30 நிமிடத்துக்குள் வெளியிடலாம். இதைத் தலைமை நிர்வாகி கையெழுத்திட்டுத் தர வேண்டும். வாய்வார்த்தையாகச் சொன்னால் சனிக்கிழமை மாலை யாருக்கும் நினைவுக்கு வராது.

ஒப்புதல் சங்கிலியில் எத்தனை பேர்? இரண்டு. சொல்வது உண்மையா என்று பார்க்க அந்தத் துறையை அறிந்த ஒருவர், வெளியிடலாமா என்று முடிவெடுக்க ஒருவர். வழக்கறிஞரை என்ன செய்வது என்று கேட்பீர்கள். அமைதியான நாளிலேயே அவரிடம் மாதிரி அறிவிப்புகளைக் கொடுத்து, எந்தச் சொற்கள் கூடவே கூடாது என்று பட்டியல் வாங்கிக்கொள்ளுங்கள். நெருக்கடி நேரத்தில் அவர் ஆலோசகராக இருக்கட்டும், வாசலில் நிற்கும் காவலராக வேண்டாம். நீதிமன்றத்தில் ஒரு வரி நமக்கு எதிராக நிற்குமா என்பது அவர் கவலை. அது நியாயமான கவலை. ஆனால் மக்கள் அதே இரவில் நம்மைப் பற்றி என்ன முடிவுக்கு வருவார்கள் என்பதை எடைபோட வேண்டியவர் நிர்வாகி.

படி 3: சாவிகள் யாரிடம் இருக்கின்றன?

2013 ஜனவரி 31 அன்று பிரிட்டனின் இசைத்தட்டு விற்பனை நிறுவனமான எச்எம்வி ஊழியர்களைக் கூட்டமாக வேலையிலிருந்து நீக்கிக்கொண்டிருந்தது. நீக்கப்பட்டவர்களில் ஒருவரிடம் நிறுவனத்தின் ட்விட்டர் கணக்கு இருந்தது. அறைக்குள் நடப்பதை அவர் நேரலையாக எழுதத் தொடங்கினார். ட்விட்டரை எப்படி மூடுவது என்று சந்தைப்படுத்தல் இயக்குநர் கேட்டுக்கொண்டிருப்பதையும் சேர்த்து எழுதினார். சிரிப்பு வரும். உங்கள் பக்கங்களின் நிர்வாகிகள் பட்டியலைத் திறந்து பார்த்தால் நின்றுவிடும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் விலகியவரும், ஒப்பந்தம் முடிந்த விளம்பர முகமையும் அதில் இருப்பது சாதாரணம்.

அதே ஆண்டு ஏப்ரல் 23 அன்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் ட்விட்டர் கணக்கைக் கைப்பற்றிய யாரோ, வெள்ளை மாளிகையில் குண்டுவெடித்ததாக ஒரு பொய்யை எழுதினார்கள். அமெரிக்கப் பங்குச் சந்தை சில நிமிடங்கள் சரிந்து மீண்டது. ஆகவே கடவுச்சொல்லோடு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் கட்டாயம். அந்தச் சரிபார்ப்பு எண் ஒரே ஒருவருடைய போனுக்கு மட்டும் வந்தால், அவர் விமானத்தில் இருக்கும்போது உங்களுக்கே கதவு திறக்காது. குறைந்தது இரண்டு பேருக்காவது முழு உரிமை இருக்கட்டும்.

இன்னொன்று. திட்டத்தை எங்கே வைத்திருக்கிறீர்கள்? 2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. நிறுவனத்தின் உள் கருவிகளும் அதே வலையமைப்பில் இருந்ததால் அவையும் கைகொடுக்கவில்லை. உலகத்துக்குத் தகவல் சொல்ல அவர்கள் போட்டியாளரான ட்விட்டருக்குத்தான் போனார்கள். உங்கள் நெருக்கடித் தாளும் தொலைபேசி எண்களும் நிறுவனத்தின் சர்வரில் மட்டும் இருந்தால், சர்வர் விழும் நாளில் அவையும் விழும். அச்செடுத்து வையுங்கள். பழைய பாணிதான், வேலை செய்யும்.

படி 4: முதல் 15 நிமிடம்: எழுதாதீர்கள், நிறுத்துங்கள்

செய்தி வந்ததும் விரல்கள் தட்டச்சுக்குத்தான் போகும். அதற்கு முன் வாயை மூடிவிடுங்கள். நேரம் குறித்த பதிவுகளை நிறுத்துங்கள். கருவியில் குறித்தவை வேறு, அந்தந்தத் தளத்துக்குள்ளேயே குறித்தவை வேறு. இரண்டு இடத்திலும் பாருங்கள். கட்டண விளம்பரங்கள் இவற்றோடு சேர்ந்து நிற்பதில்லை. அவை விளம்பரக் கணக்கில் தனியாக ஓடிக்கொண்டிருக்கும், பெரும்பாலும் வேறொரு குழுவின் கையில். பக்கத்தில் அஞ்சலி, விளம்பரத்தில் தள்ளுபடி என்று ஒரே நேரத்தில் ஒரு பிராண்ட் இரண்டு குரலில் பேசுவது இப்படித்தான் நடக்கிறது.

மறந்துபோகும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். உள்பெட்டியில் தானாகப் போகும் வரவேற்புச் செய்தி (‘வணக்கம்! இன்று உங்களுக்கு என்ன மகிழ்ச்சி வேண்டும்?’ என்று புன்னகை முகத்தோடு). உங்களுக்காகப் பதிவிட ஒப்பந்தமான பிரபலங்கள். மின்னஞ்சல் செய்திமடல். செயலியின் அறிவிப்புகள். முகப்பில் நிறுத்திவைத்த பழைய பதிவு. அட்டைப் படம். 2017 ஏப்ரலில் அடிடாஸ், போஸ்டன் மராத்தான் ஓடி முடித்தவர்களுக்கு, ‘மராத்தானில் உயிர்பிழைத்ததற்கு வாழ்த்துகள்’ என்ற பொருள்படும் தலைப்பில் மின்னஞ்சல் அனுப்பியது. 2013இல் அதே மராத்தானின் முடிவுக்கோட்டில் குண்டுவெடித்து மூன்று பேர் இறந்திருந்தார்கள். எழுதியவர் மனதில் வன்மம் இருந்திருக்காது. அனுப்பும் முன் அந்த நிகழ்வின் நினைவோடு படித்துப் பார்க்க ஒருவரும் இல்லை, அவ்வளவுதான். நிறுவனம் அன்றே மன்னிப்புக் கேட்டது.

நிறுத்தியதும் ஒரு பதிவேட்டைத் திறங்கள். எத்தனை மணிக்கு என்ன தெரிந்தது, யார் சொன்னார், என்ன முடிவெடுத்தோம், யார் எடுத்தார். நேரத்தோடு ஒவ்வொரு வரி. பிறகு நினைவிலிருந்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், ஒவ்வொருவரும் தனக்குச் சாதகமான கதையைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள்.

படி 5: முதல் மணி நேரத்தில் முதற்கட்ட அறிவிப்பு

எல்லாம் தெரிந்த பிறகு பேசுவோம் என்று காத்திருப்பவர்கள் தோற்கிறார்கள். வெற்றிடம் இருந்தால் வதந்தி வந்து உட்காரும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் தன் நெருக்கடித் தொடர்பு நெறிகளில் முதலில் வைப்பது இதைத்தான்: முதலில் சொல்லுங்கள், சரியாகச் சொல்லுங்கள், நம்பும்படி சொல்லுங்கள். முதலுக்கும் சரிக்கும் இடையே சண்டை வரும். அதைத் தீர்க்கும் வழி, தெரிந்ததை மட்டும் சொல்லி, தெரியாததைத் தெரியாது என்றே சொல்வது.

அன்று நாங்கள் கடைசியில் வெளியிட்ட அறிக்கை, நினைவிலிருந்து:

‘எங்கள் கிடங்கில் நிகழ்ந்ததாகக் கூறப்படும் சம்பவம் எங்கள் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டுள்ளது. பாதுகாப்பே எங்கள் தலையாய நோக்கமாகும். உரிய நடவடிக்கைகள் மேற்கொள்ளப்பட்டு வருகின்றன.’

இப்போது எழுதினால் இப்படி எழுதுவேன்:

‘இன்று மாலை 5.40 மணிக்கு எங்கள் கிடங்கில் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் அங்கே போராடிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் ஊழியர்கள் இருவர் காயமடைந்து மருத்துவமனையில் இருக்கிறார்கள். அவர்களுடைய குடும்பங்களோடு பேசியிருக்கிறோம். தீ எப்படிப் பிடித்தது என்று இன்னும் தெரியவில்லை. கிடங்குக்கு அருகில் இருப்பவர்கள் சாலையை விட்டு விலகி, தீயணைப்பு வாகனங்களுக்கு வழிவிடுங்கள். அடுத்த தகவலை இரவு 8 மணிக்கு இதே பக்கத்தில் தருகிறோம்.’

முதல் அறிக்கையை வரிவரியாகப் பாருங்கள். ‘நிகழ்ந்ததாகக் கூறப்படும்’: தெரு முழுக்கப் புகை, நாங்கள் மட்டும் அதைக் கேள்விப்பட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். ‘கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டுள்ளது’: எங்கள் கிடங்கை யாரோ எங்களுக்கு அறிமுகப்படுத்தினார்களாம். ‘மேற்கொள்ளப்பட்டு வருகின்றன’: யார் மேற்கொள்கிறார்கள்? தமிழில் செயப்பாட்டு வினை வருமிடமெல்லாம் ஓர் ஆள் காணாமல் போகிறார். நெருக்கடியில் வாசகர் தேடுவது அந்த ஆளைத்தான். ‘செய்கிறோம்’ என்று எழுதுங்கள். செய்யவில்லை என்றால் அந்த வரியே வேண்டாம்.

காயமடைந்தவர்களின் பெயர்களை வெளியிட வேண்டாம். உயிரிழப்பு என்றால் குடும்பத்துக்குத் தெரியும் முன் பக்கத்தில் ஒரு சொல்லும் வரக் கூடாது. இந்த ஓர் இடத்தில் மட்டும் வேகத்தை நான் பொருட்படுத்த மாட்டேன்.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான ஒரு புதுப்பிப்பால் உலகெங்கும் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. மைக்ரோசாப்டின் மதிப்பீட்டில் 85 லட்சம் கருவிகள். விமான நிலையங்களில் மக்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தலைமை நிர்வாகியின் முதல் எக்ஸ் பதிவு பிழை எது, இது இணையத் தாக்குதல் ஆகாது, சரிசெய்தாயிற்று என்றது. எல்லாம் பயனுள்ள தகவல். மன்னிப்பு மட்டும் இல்லை. அன்றே பின்னர் தொலைக்காட்சியில் கேட்டார், எழுத்திலும் கேட்டார். ஆனால் முதல் பதிவில் அது இல்லையே என்பதுதான் பேச்சாக இருந்தது. பொறியாளரின் மனம் பிழைக்குப் பதில் சொல்லும், தரையில் உட்கார்ந்திருப்பவருக்குச் சொல்லாது. வரைவைப் படிப்பவர் அந்த மனிதரின் இடத்திலிருந்து ஒரு முறை படிக்க வேண்டும்.

எங்கே வெளியிடுவது என்பதும் திட்டத்தில் இருக்கட்டும். பிரச்சினை எந்தத் தளத்தில் வெடித்ததோ அங்கே முதலில். 2009 ஏப்ரலில் டாமினோஸ் ஊழியர்கள் இருவர் உணவைக் கெடுத்து எடுத்த காணொளி யூடியூபில் பரவியபோது, நிறுவனம் தாமதமாகத்தான் என்றாலும் அதே யூடியூபில் தன் அமெரிக்கப் பிரிவுத் தலைவரைப் பேசவைத்தது. முழு அறிக்கை உங்கள் இணையதளத்தில் ஒரு நிலையான முகவரியில் இருக்கட்டும், மற்ற எல்லாப் பதிவுகளும் அங்கே கொண்டுபோகட்டும். 24 மணி நேரத்தில் மறையும் ஸ்டோரியில் மட்டும் அறிக்கையைப் போடாதீர்கள், மறைக்கப் பார்த்ததாகச் சொல்வார்கள். அறிக்கையைப் படமாக மட்டும் போடுவதையும் விடுங்கள். பார்வையற்றோரின் திரைவாசிப்பான் அதைப் படிக்காது, தேடினாலும் கிடைக்காது. தேதியும் நேரமும் கட்டாயம். பழைய அறிக்கையின் ஸ்கிரீன்ஷாட் மூன்று நாள் கழித்துப் புதியதுபோலச் சுற்றும்.

படி 6: கருத்துகளின் வெள்ளம்

ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல முடியாது, வேண்டியதும் இல்லை. வரிசை வகுத்துக்கொள்ளுங்கள். உதவி கேட்பவர்களுக்கு முதலில். உண்மையான கேள்வி கேட்பவர்களுக்கு அடுத்து. தவறான தகவலைப் பரப்பும் பதிவு பெரிதாகப் பரவினால் ஒரு முறை திருத்தம். திட்டுபவர்களை விட்டுவிடுங்கள். திட்டுவதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு, அதில் பாதி நியாயமாகவும் இருக்கும்.

ஒரே வரியை நூறு பேருக்கு ஒட்டுவதுதான் இந்தக் கட்டத்தில் நான் அதிகம் பார்க்கும் கேடு. ‘உங்கள் கருத்துக்கு நன்றி, எங்களுக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்’ என்று ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும்போது, எதிரே இயந்திரம் இருப்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். உண்மைகளை ஒரே ஆவணத்தில் கேள்வி பதிலாக வைத்துக்கொண்டு, வாக்கியத்தை ஒவ்வொரு முறையும் அவரவர் சொந்தமாக எழுதட்டும். பதில் சொல்பவர் கடைசியில் தன் முதல் பெயரைப் போடுவதும் உதவும்.

நீக்கலாமா? மிரட்டல், வசைச்சொல், தனிப்பட்ட தகவல், பாதிக்கப்பட்டவர்களை இழிவுபடுத்துவது ஆகியவற்றை நீக்கலாம். அந்த விதி உங்கள் பக்கத்தில் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். விமர்சனத்தை நீக்கக் கூடாது. பேஸ்புக்கில் கருத்தை மறைத்தால் எழுதியவருக்கும் அவர் நண்பர்களுக்கும் அது தெரிந்துகொண்டுதான் இருக்கும். யாருக்கும் தெரியாமல் மறைத்துவிட்டோம் என்று நினைப்பது பூனை கண்ணை மூடிக்கொண்ட கதை. உங்கள் பதிவிலேயே பிழை என்றால் சத்தமில்லாமல் திருத்தாதீர்கள். திருத்தியது என்ன, எத்தனை மணிக்கு என்று கீழே ஒரு வரி.

வதந்தியை மறுக்கும்போது அந்த வதந்தியைத் தலைப்பாக வைக்காதீர்கள். ‘எங்கள் தண்ணீரில் நஞ்சு இல்லை’ என்று எழுதினால் நினைவில் தங்குவது நஞ்சு. உண்மையை முதலில் சொல்லி, எது தவறு என்று சுருக்கமாகக் குறிப்பிட்டு, மறுபடி உண்மையில் முடியுங்கள்.

படி 7: சொன்ன நேரத்துக்கு வாருங்கள்

இரவு 8 மணிக்குத் தகவல் தருகிறோம் என்றால் 8 மணிக்குத் தர வேண்டும், புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும். ‘8 மணி நிலவரம்: காரணம் இன்னும் தெரியவில்லை, தீ அணைந்துவிட்டது, அடுத்தது 10 மணிக்கு.’ இது போதும்.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறுதலாக நடப்புத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். காப்புப் பிரதிகளைத் தேடினால் ஒன்றுகூடச் சரியாக வேலை செய்யவில்லை. இதைவிட அவமானமான நிலை மென்பொருள் நிறுவனத்துக்குக் கிடையாது. அவர்கள் தங்கள் பணிக்குறிப்பு ஆவணத்தை எல்லோரும் பார்க்கத் திறந்துவிட்டார்கள், மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். சுமார் ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். ஆனால் திட்ட வந்தவர்களில் பலர் உட்கார்ந்து பார்த்தார்கள், ஆலோசனை சொன்னார்கள். எல்லா நிறுவனமும் இந்த அளவு திறக்க முடியாது, உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் திறக்கவும் கூடாது. எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தத் தொடர்ச்சியை.

ஊழியர்களுக்குத் தகவல் எப்போது? பக்கத்தில் போடும் முன், அல்லது அதே நிமிடத்தில். அவர்களுடைய உறவினர்கள் அவர்களைத்தான் கேட்பார்கள். எழுதும்போது ஒன்றை மறக்காதீர்கள்: உள் கடிதம் என்று ஒன்று கிடையாது.

அதற்குச் சாட்சி யுனைடெட் ஏர்லைன்ஸ். 2017 ஏப்ரல் 9 அன்று சிகாகோவில், அமர்ந்திருந்த பயணி ஒருவரை விமானத்திலிருந்து இழுத்துக்கொண்டு போனார்கள். சக பயணிகள் எடுத்த காணொளி உலகம் முழுக்கப் போனது. மறுநாள் தலைமை நிர்வாகி, பயணிகளை ‘மறு இடவசதி’ செய்ய நேர்ந்ததற்காக மன்னிப்புக் கேட்டார். ரத்தம் வழிந்த முகத்துக்கு அந்தச் சொல். அதே நாள் ஊழியர்களுக்கு எழுதிய கடிதத்தில் பயணிதான் முரண்டுபிடித்தார் என்றிருந்தது. கடிதம் உடனே வெளியே வந்தது. ஏப்ரல் 11 அன்றுதான் யாரையும் இப்படி நடத்தக் கூடாது, முழுப் பொறுப்பும் எங்களுடையது என்ற அறிக்கை வந்தது. அந்த மூன்றாவது அறிக்கையில் குறை சொல்ல அதிகம் இல்லை. அது முதலாவதாக வந்திருக்க வேண்டும்.

படி 8: மன்னிப்பைத் தமிழில் கேட்பது

‘ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்பது சாலை தோண்டும் இடத்தில் நிற்கும் பலகையின் மொழி. சிரமம் தானாக ஏற்பட்டது, நாங்கள் பக்கத்தில் நின்று வருந்துகிறோம். ‘யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால்’ என்பது இன்னும் மோசம், புண்பட்டதே உங்கள் பலவீனம் என்கிறது. வருத்தமும் மன்னிப்பும் வேறு. உங்கள் தவறில்லாத துயரத்துக்கு வருந்தலாம். உங்கள் தவறு என்றால் மன்னிப்புத்தான் கேட்க வேண்டும். என்ன செய்தோம், யாருக்குச் செய்தோம், அவர்களுக்காக இப்போது என்ன செய்கிறோம், இனி எது மாறும். இந்த நான்கும் இருந்தால் அலங்காரம் தேவைப்படாது. ‘ஆனால்’ என்ற சொல் எங்காவது இருந்தால் அதற்குப் பின்னால் வருவதை வெட்டிவிடுங்கள்.

நகைச்சுவை எடுபட்ட அபூர்வமான சம்பவம் ஒன்று உண்டு. 2018 பிப்ரவரியில் பிரிட்டனில் கேஎஃப்சி தன் விநியோக நிறுவனத்தை மாற்றியது. கோழி வந்து சேராமல் நூற்றுக்கணக்கான கடைகள் மூடின. அவர்கள் நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார்கள்: காலி வாளியின் மேல் தங்கள் பெயரின் மூன்று எழுத்துகளையும் ஆங்கில வசைச்சொல் ஒன்று நினைவுக்கு வரும்படி இடம் மாற்றி அச்சிட்டு, கீழே நேரடியான மன்னிப்பு. மக்கள் ரசித்தார்கள். ஏனென்றால் யாருக்கும் காயமில்லை, கேலி தங்களைப் பற்றியது, தவறை மறைக்கவில்லை. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

படி 9: நெருக்கடி உங்களுடையதாக இல்லாவிட்டால்

புயல், கலவரம், பெருந்தொற்று. உங்களுக்கு நேரடித் தொடர்பு இல்லை. இங்கே தவறுவது பேராசையால். 2012 அக்டோபரில் சாண்டி புயல் அமெரிக்கக் கிழக்குக் கரையை நெருங்கியபோது ஆடை நிறுவனமான அமெரிக்கன் அப்பேரல், புயலில் பொழுதுபோகாதவர்களுக்கு 20 விழுக்காடு தள்ளுபடி அறிவித்தது. 2011இல் எகிப்து மக்கள் தெருவில் இறங்கிப் போராடியபோது வடிவமைப்பாளர் கென்னத் கோல், அந்த ஆரவாரம் தன் புதிய ஆடை வரிசையைக் கேள்விப்பட்டதால்தான் என்று ட்விட்டரில் எழுதினார். இரண்டையும் பல ஆண்டுகள் கழித்தும் மக்கள் எடுத்துக்காட்டுகிறார்கள்.

பேசுவதற்கு முன் கேட்டுக்கொள்ள ஒரே கேள்வி: இந்த நேரத்தில் மக்களுக்குத் தேவையான தகவலோ உதவியோ நம்மிடம் இருக்கிறதா? இருந்தால் அதை மட்டும் சொல்லுங்கள். கடை திறந்திருக்கும் நேரம், கட்டணக் கெடு நீட்டிப்பு, சேவை எங்கே நின்றிருக்கிறது. இல்லையென்றால் மௌனமே மரியாதை. லோகோவோடு கூடிய அஞ்சலிப் படம் பெரும்பாலும் விளம்பரமாகத்தான் தெரியும்.

படி 10: திரும்பி வருதல்

எப்போது வழக்கமான பதிவுகளுக்குத் திரும்புவது என்பதற்கு நாள்கணக்கு கிடையாது. கருத்துகளின் அளவு படி 1இல் எண்ணி வைத்த வழக்கமான அளவுக்கு இறங்கியதா, பாதிக்கப்பட்டவர்களுக்குச் சொன்னதைச் செய்தோமா என்று பாருங்கள். முதல் பதிவு தகவலாக இருக்கட்டும், கொண்டாட்டம் பிறகு. நேரம் குறித்து வைத்திருந்த பழைய பதிவுகளை அப்படியே மீண்டும் ஓடவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் புதிய கண்ணோடு படியுங்கள். வெயில், தீ, வெடிப்பு, மூழ்கடி போன்ற சொற்கள் நேற்றுவரை விளையாட்டாக இருந்திருக்கும்.

கருத்துகளைப் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு விடுமுறை கொடுங்கள். பல மணி நேரம் வசையை முகத்தில் வாங்கியவர்கள் அவர்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒருவர் என்று முறை மாற்றுவது நெருக்கடியின் நடுவிலேயே தொடங்க வேண்டும்.

ஒரு வாரத்துக்குள் பதிவேட்டை விரித்து வைத்து எல்லோரும் உட்காருங்கள். எந்தக் கட்டத்தில் எத்தனை நிமிடம் காத்திருந்தோம், யாருடைய பதிலுக்காக? எங்கள் கிடங்குத் தீயின் பதிவேடு என்று ஒன்று இல்லை, வாட்ஸ்அப் செய்திகளை வைத்துத்தான் நேரத்தைக் கூட்டிப் பார்த்தோம். அறிக்கைக்கு ஆன இரண்டே கால் மணி நேரத்தில் எழுதியது 20 நிமிடம். மீதி முழுவதும் அனுமதிக்கான காத்திருப்பு.

படி 11: ஒத்திகை

ஆண்டுக்கு இரண்டு முறை, முன்னறிவிப்பு இல்லாமல், வேலை நேரத்துக்கு வெளியே ஒரு முறையாவது. ஒரு கற்பனைச் சம்பவத்தைக் கொடுத்து, எல்லாவற்றையும் நிறுத்த எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். முதல் தடவை யாராவது ஒருவருடைய கடவுச்சொல் காலாவதியாகியிருக்கும். அதற்காகத்தான் ஒத்திகை.

யாரையும் கேட்காமல் நிறுத்தலாம் என்ற விதி எங்கள் தாளில் ஏறிய ஏழாவது மாதம், இரவுப் பணியில் இருந்த மிக இளைய உறுப்பினர் ஒரு விபத்துச் செய்தியைப் பார்த்துவிட்டு எல்லாப் பதிவுகளையும் விளம்பரங்களையும் நிறுத்தினார். எங்கள் பெயரைப் போன்ற பெயர் கொண்ட வேறொரு நிறுவனம் அது. காலையில் அவர் பயந்துகொண்டே பதிவேட்டைக் கொண்டுவந்தார். ஐந்து மணி நேரம் எங்கள் பக்கம் மௌனமாக இருந்திருக்கிறது. ஏன் ஒன்றும் போடவில்லை என்று வாடிக்கையாளர் ஒருவர்கூடக் கேட்கவில்லை.